நெட்வொர்க் கார்டு டிரைவரில் பிழை கையாளுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் கெர்னலில் புதிதாக நெட்வொர்க் டிரைவர் எழுதுபவர்களும், யாரோ எழுதிவிட்டுப் போன பழைய டிரைவரைத் தலையில் கட்டிக்கொண்டவர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன். ஃபங்ஷன் பெயர்கள் உச்சரிப்புப்படி தமிழில் இருக்கின்றன, கோடில் தேடும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா இடத்திலும் ரிட்டர்ன் வேல்யூவைப் பார்க்கிறேன். எர்ரர் ஹேண்ட்லிங் என்றால் அவ்வளவுதானே?

இல்லை, அது சுலபமான பாதி. தோற்றுவிட்டது என்று தெரிந்த பிறகு கார்டையும் மெமரியையும் க்யூவையும் எந்த நிலையில் விட்டுவிட்டு வெளியே வருகிறீர்கள் என்பதுதான் மீதி, பெரும்பாலான கோளாறுகள் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன.

நெட்வொர்க் டிரைவருக்கு ஒரு சலுகை உண்டு. டிஸ்க் டிரைவர் ஒரு பிளாக்கைத் தொலைத்தால் தொலைந்ததுதான். பாக்கெட் தொலைந்தால் மேலே இருக்கும் டிசிபி மறுபடி அனுப்பிக்கொள்ளும், யுடிபி என்றால் அதைப் பயன்படுத்தும் ஆளுக்கு இது முன்பே தெரியும். அதனால் ஒரு பாக்கெட்டைக் காப்பாற்றப் போராடி ரிங்கையோ (கார்டும் டிரைவரும் பஃபர்களைக் கைமாற்றிக்கொள்ளும் வட்ட வரிசை) க்யூவையோ (அனுப்பக் காத்திருக்கும் பாக்கெட் வரிசை) கெடுத்துக்கொள்ளாதீர்கள். பாக்கெட் போனால் போகட்டும், எண்ணிக்கையில் சேர்த்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். கீழே வரும் பல பதில்கள் இதைத்தான் வேறு வேறு இடத்தில் சொல்கின்றன.

தோற்றால் -1 என்று திருப்பினால் போதாதா? நெகட்டிவ் என்றாலே பிழைதானே?

கெர்னலில் -1 என்றால் "அனுமதி இல்லை" என்று அர்த்தம், ஈபெர்ம். உங்கள் டிரைவரில் மெமரி கிடைக்காமல் தோற்றதற்கு, பயன்படுத்துபவர் ரூட்டாகத்தான் இயக்கினோமா, எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு தடுக்கிறதா என்று அரை நாள் தேடிக்கொண்டிருப்பார். மெமரி இல்லை என்றால் ஈநோமெம், கார்டு பதில் சொல்லவில்லை என்றால் ஈடைம்ட்அவுட், கார்டே இல்லை என்றால் ஈநோடெவ். கீழிருந்து ஒரு கோடு வந்தால் அதையே மேலே கொடுங்கள், எல்லாவற்றையும் ஈஐஓ ஆக்கிவிடாதீர்கள்.

இதைவிட மோசமான இன்னொன்று உண்டு. பிழை நடந்தது சரி, கோட்டோ போட்டுச் சுத்தம் செய்ததும் சரி, ஆனால் எர்ர் வேரியபிளில் முந்தைய வெற்றியின் 0 அப்படியே இருக்கிறது. ப்ரோப் (கார்டைக் கண்டதும் கெர்னல் கூப்பிடும் துவக்க ஃபங்ஷன்) எல்லாவற்றையும் விடுவித்துவிட்டு "வெற்றி" என்று திரும்புகிறது. அப்போது ஒன்றும் ஆகாது. என்றைக்கோ மாட்யூலைக் கழற்றும்போது ரிமூவ் (கார்டை விட்டு விலகும்போது ஓடும் ஃபங்ஷன்) போய், விடுவித்த மெமரியையே மறுபடி விடுவிக்கும். ஸ்மாட்ச் என்ற கருவி இந்த வகையை நன்றாகவே பிடிக்கும், பேட்ச் அனுப்புவதற்கு முன் ஒரு முறை ஓட்டிவிடுங்கள்.

நல் பாயின்ட்டரா என்று பார்த்துவிட்டுத்தான் தொடுகிறேன். ஆனாலும் கிராஷ் ஆகிறதே?

சில ஃபங்ஷன்கள் தோற்றால் நல் (எதையும் சுட்டாத வெற்று பாயின்ட்டர்) தருவதில்லை, பிழை எண்ணையே பாயின்ட்டர் போல வேடம் போட்டுத் தருகின்றன. ஐஓரீமேப் (கார்டின் ரெஜிஸ்டர்களைக் கெர்னல் தொடும்படி மேப் செய்வது) நல் தரும். டெவ்எம்_ஐஓரீமேப்_ரிசோர்ஸ் பிழை எண் தரும். க்ளாக், ரீசெட், ரெகுலேட்டர் வகையறாக்கள் எல்லாம் இரண்டாவது கட்சி. அவற்றை இஸ்_எர்ர் வைத்துத்தான் பார்க்க வேண்டும், நல் சோதனையில் அது நல்ல பாயின்ட்டராகவே தெரியும். எது எந்தக் கட்சி என்று மனப்பாடம் செய்ய வேண்டாம், ஃபங்ஷனின் தலையில் இருக்கும் கமென்ட்டை ஒரு முறை படித்தால் போதும்.

கோட்டோ கெட்ட பழக்கம் என்று காலேஜில் சொன்னார்கள். கெர்னல் முழுக்க அதுதான் இருக்கிறது?

ஏறிய படியிலேயே திரும்பி இறங்குவதற்கு சி மொழியில் இதைவிடச் சுத்தமான வழி கிடையாது. ப்ரோப்பில் ஐந்து வளங்களை வரிசையாக எடுக்கிறீர்கள், நான்காவது தோற்றால் மூன்று, இரண்டு, ஒன்று என்று விட வேண்டும். லேபிளுக்கு "எர்ர்1", "எர்ர்2" என்று பெயர் வைக்காமல், அது என்ன செய்யும் என்பதை வையுங்கள்: "ரிங்கை விடு", "ஐஆர்க்யூவை விடு" (ஐஆர்க்யூ என்றால் இன்டரப்ட், கார்டு சிபியுவை அழைக்கும் சமிக்ஞை). நடுவில் ஒரு புதிய வளம் நுழையும்போது எண் வைத்த லேபிள்கள்தான் முதலில் பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

ரெஜிஸ்டர்_நெட்டெவ், அதாவது உங்கள் இன்டர்ஃபேஸை (நெட்டெவ்) கெர்னலில் பதிவு செய்வது, எப்போதும் கடைசி. அது திரும்புவதற்குள்ளேயே யூசர் ஸ்பேஸில் ஒரு டீமன் உங்கள் ஓப்பனை (இன்டர்ஃபேஸை அப் செய்யும்போது ஓடும் ஃபங்ஷன்) கூப்பிட்டிருக்கலாம். அதற்குப் பிறகு ப்ரோப்பில் தோற்கக்கூடிய வேலை எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது.

டெவ்எம் ஃபங்ஷன்களைப் போட்டுவிட்டால் இந்த லேபிள் தொல்லையே இல்லையே?

பெரும்பாலும் உண்மைதான், டெவ்எம் வழியாக எடுத்த வளத்தைக் கெர்னலே பிறகு விட்டுவிடும். ஆனால் பாதி டெவ்எம், பாதி கையால் என்று கலந்தால் வம்பு. டெவ்எம் வளங்கள் ரிமூவ் முடிந்த பிறகுதான், எடுத்த வரிசைக்கு நேர் எதிராக, விடப்படும். நீங்கள் ஐஆர்க்யூவை டெவ்எம் மூலம் வாங்கிவிட்டு, ரிமூவின் கடைசியில் ஃப்ரீ_நெட்டெவ்வைக் கையால் கூப்பிட்டால், நெட்டெவ் போய்விட்டது, இன்டரப்ட் ஹேண்ட்லர் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு இன்டரப்ட் வந்தால் ஹேண்ட்லர் தொடுவது செத்த மெமரியை.

பகிரப்பட்ட இன்டரப்ட் என்றால் உங்கள் கார்டு சும்மா இருந்தாலும் பக்கத்துக் கார்டு தட்டிவிடும். கெர்னலில் டீபக்_எஸ்எச்ஐஆர்க்யூ என்ற கான்ஃபிக் உண்டு, ஹேண்ட்லரைக் கழற்றும் நேரத்தில் வேண்டுமென்றே ஒரு முறை கூப்பிட்டுப் பார்க்கும். அதைப் போட்டு மாட்யூலை ஏற்றி இறக்குங்கள், கலந்துவைத்த டிரைவர் உடனே பல்லைக் காட்டும்.

பூட் லாகில் -517 என்று வருகிறது. பிறகு கார்டு ஒழுங்காக வேலை செய்கிறது. இது பிழையா?

பிழை இல்லை, "அப்புறம் வா" என்ற தகவல். ஈப்ரோப்_டிஃபர். உங்களுக்குத் தேவையான க்ளாக்கோ ரெகுலேட்டரோ இன்னும் எழுந்திருக்கவில்லை, கெர்னல் பிறகு ப்ரோப்பை மறுபடி கூப்பிடும். டிரைவர் அதைச் சிவப்பு எழுத்தில் கத்துவதுதான் தவறு. 5.9 கெர்னலில் வந்த டெவ்_எர்ர்_ப்ரோப் இதற்காகவே இருக்கிறது, உண்மையான பிழைக்கு மட்டும் எர்ரராகப் பேசும். ஒரே கண்டிஷன், அந்த எண்ணை மாற்றாமல் திருப்ப வேண்டும். ஈஐஓ ஆக்கிவிட்டால் கெர்னல் மறுபடி வராது.

ஓப்பன் பாதியில் தோற்றால் ஸ்டாப் வந்து சுத்தம் செய்துவிடும் இல்லையா?

வராது. ஓப்பன் தோற்றால் அது தொட்டதையெல்லாம் அதுவே பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும், ஸ்டாப் (இன்டர்ஃபேஸை டவுன் செய்யும்போது ஓடும் ஃபங்ஷன்) கூப்பிடப்படுவது வெற்றிகரமாகத் திறந்த இன்டர்ஃபேஸுக்கு மட்டும்தான்.

மறுபக்கம், ஸ்டாப் தோற்க முடியாது. அது பிழை எண் திருப்பினாலும் கெர்னல் கண்டுகொள்ளாது. கார்டு நிற்க மறுக்கிறது என்றால் ஸ்டாப்பிலிருந்து பாதியில் ரிட்டர்ன் ஆவது மிக மோசமான முடிவு, மெமரி கசியும், அடுத்த ஓப்பன் குழம்பும். ரீசெட்டைத் தட்டிவிட்டு, லாகில் ஒரு வரி போட்டுவிட்டு, விடுவிக்கும் வேலையைத் தொடருங்கள்.

லோடு அதிகமானால் இன்டர்ஃபேஸ் ஊமையாகிவிடுகிறது. லாகில் ஒன்றுமே இல்லை. டவுன் பண்ணி அப் பண்ணினால் சரியாகிறது.

எனக்கு வரும் கேள்விகளில் இதற்குத்தான் முதலிடம், காரணமும் முக்கால்வாசி ஒன்றேதான்: ஆர்எக்ஸ் ரிங் (பாக்கெட்டைப் பெறும் பக்கத்து ரிங்) காலியாகிவிட்டது. நாப்பியின் "போல்" ஃபங்ஷன் (இன்டரப்ட்டுக்குப் பிறகு வந்த பாக்கெட்டுகளை மொத்தமாக எடுப்பது) தூங்க முடியாத இடத்தில் ஓடுகிறது, அங்கே பஃபர் கேட்பது காத்திருக்காத ஜிஎஃப்பி_அடாமிக் வகையில்தான், மெமரி நெருக்கடியில் அது தோற்பது சகஜம். டிரைவர் பழைய பஃபரை மேலே தூக்கிக் கொடுத்துவிட்டு, அப்புறம் புதியதைக் கேட்கிறது, கிடைக்கவில்லை, அந்த இடத்தை வெற்றாக விட்டுவிட்டுப் போகிறது. 256 இடத்தில் ஒன்று போனால் தெரியாது. நெருக்கடி நீடித்தால் ஒவ்வொன்றாகப் போய் பூஜ்யத்துக்கு வரும். பஃபர் இல்லாததால் கார்டு பாக்கெட்டை எழுத முடியாது, எழுதாததால் இன்டரப்ட் இல்லை, இன்டரப்ட் இல்லாததால் போல் ஓடாது, போல் ஓடாததால் ரிங்கை நிரப்ப யாரும் இல்லை. மெமரி நெருக்கடி தீர்ந்த பிறகும் அது எழுந்திருக்காது.

வரிசையை மாற்றுங்கள். முதலில் புதிய பஃபரை வாங்கி டிஎம்ஏ மேப்பிங்கும் (கார்டு அந்த மெமரியை நேரடியாகத் தொட வழிசெய்வது) முடியுங்கள், இரண்டும் கைக்கு வந்த பிறகுதான் பழையதை மேலே கொடுப்பது. கிடைக்காவிட்டால் வந்த பாக்கெட்டை அங்கேயே தூக்கிப்போட்டு, ஆர்எக்ஸ்_ட்ராப்டை ஒன்று ஏற்றி, அதே பஃபரை அதே இடத்தில் திரும்ப வையுங்கள். ரிங் ஒருபோதும் சுருங்காது.

ரிங்கை மொத்தமாக ஒரே தடவையில் நிரப்பும் வடிவமைப்பு என்றால் இது வசதிப்படாது. அப்போது மறுபடி முயல யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மெய்நிகர் மெஷின்களுக்கான விர்ட்டியோ_நெட் டிரைவரைத் திறந்து பாருங்கள், நிரப்ப முடியாதபோது அரை நொடி கழித்து முயல ஒரு டிலேய்ட் வொர்க்கை வைத்துக்கொண்டு வந்தது. வேறு சில டிரைவர்கள் போலிலிருந்து முழு பட்ஜெட்டையும் (ஒரு முறையில் எடுக்க அனுமதித்த பாக்கெட் எண்ணிக்கை) செலவழித்ததாகத் திருப்பி, நாப்பியை மறுபடி தங்களையே கூப்பிட வைக்கின்றன. எதுவானாலும் சரி, "அடுத்த இன்டரப்ட் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பது மட்டும் வேலைக்காகாது.

அனுப்பும் பக்கம் டிஎம்ஏ மேப்பிங் தோற்றால் "பிஸி" என்று திருப்பினால் கெர்னலே மறுபடி அனுப்புமே, பாக்கெட் மிச்சம்தானே?

மிச்சப்படுத்தப் போய் சிபியுவைக் கொளுத்துவீர்கள். நெட்டெவ்_டிஎக்ஸ்_பிஸி என்றால் க்யூ அந்த பாக்கெட்டைத் திரும்ப வைத்துக்கொண்டு உடனே மறுபடி உங்களிடம் வரும், மேப்பிங் மறுபடி தோற்கும். பிஸி என்பது க்யூவை நிறுத்தத் தவறிய அபூர்வ நேரத்துக்கானது, இடம் குறையும்போதே நீங்கள் க்யூவை நிறுத்தியிருக்க வேண்டும். மேப்பிங் தோற்றால் எஸ்கேபியை (பாக்கெட்டைச் சுமக்கும் கெர்னல் அமைப்பு) விடுவித்து, டிஎக்ஸ்_ட்ராப்டை (அனுப்பும் பக்க இழப்பு எண்ணிக்கை) ஏற்றி, ஓகே என்று திருப்புங்கள். எஸ்கேபியை விடுவித்துவிட்டு பிஸி என்று சொல்வது இரண்டும் கெட்ட நிலை, கெர்னல் விடுவித்த பாக்கெட்டைத் திரும்ப அனுப்பும்.

தோற்றதா என்று டிஎம்ஏ_மேப்பிங்_எரர் மூலம்தான் கேட்க வேண்டும், முகவரி 0-வா என்று பார்த்தால் பிடிபடாது. பாக்கெட் பல துண்டுகளாக இருந்து நான்காவது துண்டில் தோற்றால் முதல் மூன்றையும் அன்மேப் செய்யுங்கள். தலைப்பகுதியை மேப் செய்த விதம் வேறு, துண்டுகளை மேப் செய்த விதம் வேறு என்பதால் அன்மேப்பும் அதற்கேற்ப. டிஎம்ஏ_ஏபிஐ_டீபக் கான்ஃபிக் போட்டால், பிழையைப் பார்க்க மறந்த மேப்பிங்கைக் கெர்னலே காட்டிக்கொடுக்கும்.

நீங்கள் சொன்னபடி டிராப் பண்ணி ஓகே சொன்னேன். இப்போது எப்போதாவது டிஎக்ஸ் தொங்குகிறது. ஏன்?

டோர்பெல்லை, அதாவது அனுப்ப வேலை இருக்கிறது என்று கார்டைத் தட்டுவதை, பாருங்கள். பின்னால் இன்னும் பாக்கெட் வருகிறது என்று நெட்டெவ்_எக்ஸ்மிட்_மோர் சொன்னால், டிரைவர் டிஸ்கிரிப்டரை (பாக்கெட் எங்கே இருக்கிறது என்று ரிங்கில் எழுதும் குறிப்பு) மட்டும் எழுதிவிட்டு, கார்டைத் தட்டும் ரெஜிஸ்டர் ரைட்டைத் தள்ளிப்போடும். மூன்று பாக்கெட்டை அப்படி வைத்துவிட்டு, கடைசியான நான்காவதில் மேப்பிங் தோற்று நீங்கள் பிழைப் பாதை வழியாக வெளியேறினால், முதல் மூன்றுக்காக யாரும் கார்டைத் தட்டவில்லை. அடுத்த பாக்கெட் எப்போது வருகிறதோ அதுவரை அவை அப்படியே கிடக்கும். புகழ்பெற்ற டிரைவர்களிலேயே இதைத் தனியாகத் திருத்தியிருக்கிறார்கள், அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிழைப் பாதையிலும், தள்ளிப்போட்டது ஏதாவது இருந்தால் தட்டிவிட்டு வெளியேறுங்கள்.

ஒவ்வொரு பிழைக்கும் லாகில் ஒரு வரி போட்டால் நல்லதுதானே?

ப்ரோப்பில் போடுங்கள், ஓப்பனில் போடுங்கள். பாக்கெட் பாதையில் போட்டால் பிழையைவிட லாக்தான் மெஷினைக் கொல்லும், அதுவும் சீரியல் கன்சோல் இருந்தால் கேட்கவே வேண்டாம். அங்கே கவுன்ட்டர்தான் பேச வேண்டும். மீறித் தேவைப்பட்டால் நெட்_ரேட்லிமிட் வழியாக, அதன் இயல்பான அளவு 5 நொடிக்கு 10 வரி.

கவுன்ட்டரைச் சரியான பெட்டியில் போடுவதும் முக்கியம். கேபிள் கோளாறில் வரும் சிஆர்சி (சரிபார்ப்பு எண்) பிழைக்கு ஆர்எக்ஸ்_சிஆர்சி_எரர்ஸ். பஃபர் இல்லாமல் கார்டே தவறவிட்டதற்கு ஆர்எக்ஸ்_மிஸ்டு_எரர்ஸ், அதை ஆர்எக்ஸ்_ட்ராப்டில் சேர்க்கக் கூடாது, அது கார்டிலிருந்து வந்த பிறகு நீங்கள் தூக்கிப்போட்டதற்கு. எல்லாவற்றையும் ஒரே எண்ணில் கொட்டினால் கேபிளை மாற்ற வேண்டியவர் ரிங் அளவை மாற்றிக்கொண்டிருப்பார்.

எம்டியுவை 9000 ஆக்கினேன், "மெமரி இல்லை" என்று வந்தது. அதோடு இன்டர்ஃபேஸே போய்விட்டது. இது நியாயமா?

நியாயமே இல்லை. எம்டியு என்பது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. டிரைவர் பழைய ரிங்குகளை விடுவித்துவிட்டுப் புதியதைக் கேட்டிருக்கிறது. 9000 பைட் பஃபருக்குத் தொடர்ச்சியான பக்கங்கள் தேவைப்படும் வடிவமைப்பு என்றால், பல நாள் ஓடிய மெஷினில் மெமரி துண்டுதுண்டாகிக் கிடக்கும், தோற்பது ஆச்சரியமில்லை. ஆர்எக்ஸ் ரிங் பதிலில் சொன்ன அதே விதிதான்: புதியது கைக்கு வந்த பிறகு பழையதை விடுங்கள். ஈத்டூல் கட்டளை வைத்து ரிங் அளவை மாற்றும் இடத்திலும் இதையே செய்யுங்கள். தொலைவில் இருக்கும் சர்வரில் எஸ்எஸ்எச் வழியாக எம்டியு மாற்றும் ஆளை நினைத்துக்கொண்டு எழுதினால் தானாக வந்துவிடும்.

டிஎக்ஸ் டைம்அவுட் வந்தால் ரீசெட் செய்கிறேன். சில நேரம் மொத்த நெட்வொர்க்கும் உறைந்துபோகிறது, "ஐபி லிங்க்" கட்டளைகூடத் திரும்புவதில்லை.

டைம்அவுட் ஃபங்ஷன் டைமர் சூழலில் ஓடுகிறது, அங்கே தூங்கக் கூடாது, அதனால் ரீசெட்டை ஒரு வொர்க்காக (பிறகு தனியே ஓடும் வேலை) தள்ளிவிட்டிருப்பீர்கள். அதுவரை சரி. அந்த வொர்க் ஆர்டிஎன்எல் லாக்கை (நெட்வொர்க் அமைப்பு மாற்றங்களைக் காக்கும் பூட்டு) எடுக்கிறது. ஸ்டாப்போ ஆர்டிஎன்எல் லாக் பிடித்த நிலையில்தான் கூப்பிடப்படுகிறது, அதற்குள் நீங்கள் கேன்சல்_வொர்க்_சிங்க் போட்டிருந்தால் ஸ்டாப் வொர்க்குக்காகக் காத்திருக்கும், வொர்க் ஸ்டாப் வைத்திருக்கும் லாக்குக்காகக் காத்திருக்கும். ஆர்டிஎன்எல் மொத்த சிஸ்டத்துக்கும் பொது என்பதால் எல்லா இன்டர்ஃபேஸும் சேர்ந்து உறையும்.

இன்டெல் கார்டுகளுக்கான ஈ1000ஈ டிரைவர் செய்வதைப் பாருங்கள்: வொர்க் லாக்கை எடுத்ததும் முதல் வேலையாக "ஏற்கெனவே டவுன் ஆகிவிட்டோமா" என்று ஒரு பிட்டைப் பார்த்து, ஆம் என்றால் திரும்பிவிடும். வொர்க்கை ரத்து செய்வது ஸ்டாப்பில் இல்லை, ரிமூவில். இன்னொரு கண்ணியும் உண்டு: ஏற்கெனவே டிஸேபிள் ஆன நாப்பிக்கு நாப்பி_டிஸேபிளை இன்னொரு முறை கூப்பிட்டால் அது அங்கேயே நின்றுவிடும். ரீசெட் பாதையும் ஸ்டாப் பாதையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்போது இது நடக்கும்.

டிஎக்ஸ் டைம்அவுட்டை எழுப்பும் வாட்ச்டாக் எல்லாத் தொங்கலையும் பிடிக்கும் என்றும் நம்பாதீர்கள். க்யூ நிறுத்தப்பட்ட நிலையில் குறித்த நேரம், நீங்கள் மாற்றாவிட்டால் 5 நொடி, தாண்டினால்தான் அது குரைக்கும். முந்தைய டோர்பெல் கோளாறில் க்யூ நிற்கவே இல்லை, அதனால்தான் உங்களுக்கு லாகில் எதுவும் வரவில்லை.

ரெஜிஸ்டரைப் படித்தால் எல்லா பிட்டும் ஒன்று என்று வருகிறது. ஹார்ட்வேர் கோளாறா?

பிசிஐ கார்டு பஸ்ஸில் இல்லாதபோது படித்தால் அப்படித்தான் வரும். யாரோ கார்டைப் பிடுங்கியிருக்கலாம், லிங்க் விழுந்திருக்கலாம். பிரச்சினை, டிரைவர் அதை உண்மையான மதிப்பாக எடுத்துக்கொள்வது: இன்டரப்ட் ஸ்டேட்டஸில் எல்லா பிட்டும் எரிகிறது, எல்லா வேலையும் இருக்கிறது என்று நினைத்துச் செத்த கார்டோடு போராடும். "பிட் அணையும்வரை சுற்று" என்ற லூப் இருந்தால் அது முடிவே இல்லாதது. அதற்கு ரீட்எல்_போல்_டைம்அவுட் பயன்படுத்துங்கள், நேரம் முடிந்த பிறகும் கடைசியாக ஒரு முறை படித்துப் பார்க்கும், கையால் எழுதும் லூப்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.

சில ரெஜிஸ்டர்களில் எல்லாம் ஒன்று என்பது நியாயமான மதிப்பாகவும் இருக்கலாம். இன்டெல்லின் ஐஜிபி டிரைவர் இதை அழகாகச் சமாளிக்கிறது: ஒன்றாக வந்தால் முதல் ரெஜிஸ்டரையும் படித்துப் பார்க்கும், அதுவும் ஒன்றாகவே இருந்தால்தான் லிங்க் போய்விட்டது என்று முடிவுகட்டி, நெட்டெவ்வைப் பிரித்துவிடும்.

பிசிஐ பஸ் பிழைக்குத் தனியாக ஏதாவது எழுத வேண்டுமா? கெர்னல் பார்த்துக்கொள்ளாதா?

திருத்தப்பட்ட பிழை என்று ஏஇஆர் (பிசிஐ எக்ஸ்பிரஸின் பிழை அறிவிப்பு வசதி) சொன்னால் ஹார்ட்வேரே சரிசெய்துவிட்டது, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். மற்றவற்றுக்கு உங்கள் டிரைவரில் எரர் ஹேண்ட்லர்கள் இருந்தால்தான் கெர்னலால் மீட்க முடியும், இல்லாவிட்டால் மீட்பு தோல்வி என்று ஒரு வரியோடு கைவிட்டுவிடும். ஐபிஎம் பவர் மெஷின்களில் மட்டும் கெர்னல் கார்டைக் கழற்றி மாட்டியது போல நடித்துப் பார்க்கும்.

மூன்று கட்டம் போதும். எரர்_டிடெக்டடில் நெட்டெவ்வைப் பிரித்து, ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தி, ரீசெட் தேவை என்று சொல்லுங்கள். நிரந்தரச் செயலிழப்பு என்று வந்திருந்தால் டிஸ்கனெக்ட் என்று மட்டும். இந்தக் கட்டத்தில் சேனல் உறைந்திருக்கலாம், ரெஜிஸ்டரைத் தொட்டால் முந்தைய பதிலின் கதைதான். ஸ்லாட்_ரீசெட்டில் கார்டை எழுப்பி பிசிஐ நிலையை மீட்டெடுங்கள், ரெஸ்யூமில் மறுபடி இணையுங்கள்.

டிரைவர் தப்பால் கார்டே நிரந்தரமாகச் செத்துப்போகுமா?

போகும். 2008-இல் 2.6.27 வெளிவருவதற்கு முந்தைய சோதனைப் பதிப்புகளில் இன்டெல்லின் ஈ1000ஈ கார்டுகளின் என்விஎம் (கார்டின் அமைப்புகள் இருக்கும் நிரந்தர மெமரி) அழிந்து பலருடைய கார்டு எழுந்திருக்கவே இல்லை. எல்லோரும் டிரைவரைத்தான் சந்தேகித்தார்கள். கடைசியில் பிடிபட்டது எஃப்ட்ரேஸ் (கெர்னல் ஃபங்ஷன்களைத் தடம் பிடிக்கும் வசதி): மாட்யூல்களின் துவக்கக் கோடு விடுவிக்கப்பட்ட பிறகும் அந்த முகவரியில் எழுதப் பார்த்தது, அதற்குள் அந்த முகவரியில் கார்டின் என்விஎம் மேப் ஆகியிருந்தது. 2.6.27.1-இல் அந்த வசதியை முடக்கினார்கள். டிரைவர் பக்கமும் என்விஎம்முக்கு எழுத்துப் பூட்டு போட்டார்கள், தப்பு வேறு யாருடையது என்றாலும். உங்கள் கார்டில் அப்படி ஒரு பூட்டு பிட் இருந்தால் போட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது? மெமரி தீரும்வரை காத்திருக்க முடியுமா?

கெர்னலில் ஃபால்ட் இன்ஜெக்ஷன் (வேண்டுமென்றே பிழையை உண்டாக்கும் வசதி) இருக்கிறது. ஃபெயில்ஸ்லாப், ஃபெயில்_பேஜ்_அலாக் இரண்டையும் கான்ஃபிக்கில் போடுங்கள். ப்ராக்கில் உங்கள் ப்ராசஸின் ஃபெயில்-என்த் ஃபைலில் 1 என்று எழுதி, அதே ப்ராசஸிலிருந்து இன்டர்ஃபேஸை அப் செய்யுங்கள், தோற்கக்கூடிய முதல் ஒதுக்கீடு தோற்கும். பிறகு 2, பிறகு 3. ஃபைலைத் திரும்பப் படித்து 0 வந்தால் பிழை உண்மையில் நடந்தது என்று அர்த்தம், 0 வராவிட்டால் பாதை முடிந்துவிட்டது. ஓப்பனின் ஒவ்வொரு படியும் ஒரு முறை தோற்றிருக்கும். கூடவே கேசான் (தவறான மெமரித் தொடல்), கேமெம்லீக் (மெமரிக் கசிவு), லாக்டெப் (பூட்டுச் சிக்கல்) என்ற சோதனைக் கருவிகள் மூன்றும் ஓடினால் கசிவும் அந்த ஆர்டிஎன்எல் சிக்கலும் தானாக வெளியே வரும். ஏஇஆருக்குக் கார்டைப் பிடுங்க வேண்டாம், கியூஎம்யு (மெய்நிகர் மெஷின் மென்பொருள்) மானிட்டரில் ஈ1000ஈ கார்டுக்குப் பிழையைச் செலுத்த ஒரு கட்டளை உண்டு.

பழைய டிரைவரில் இருபது இடம் தப்பாக இருக்கிறது. எல்லாவற்றையும் டெவ்எம்முக்கு மாற்றி ஒரே பேட்சாக அனுப்பட்டுமா?

வேண்டாம். பழைய டிரைவர்களை வெறுமனே டெவ்எம்முக்கு மாற்றும் பேட்சுகளை நெட்டெவ் (கெர்னலின் நெட்வொர்க் பகுதி) பராமரிப்பாளர்கள் விரும்புவதில்லை என்று அவர்களுடைய வழிகாட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், மேலே சொன்ன விடுவிப்பு வரிசைச் சிக்கல் புதிதாக நுழைந்துவிடும் என்பது என் கணிப்பு. ஒரு கோளாறுக்கு ஒரு பேட்ச். தலைப்பில் "நெட்" மரம் (கோளாறு திருத்தங்கள் போகும் கோடு கிளை) என்று குறியுங்கள், எந்தக் கமிட் கோளாறைக் கொண்டுவந்தது என்று ஃபிக்ஸஸ் வரி போடுங்கள், பயன்படுத்துபவருக்கு என்ன தெரியும் என்பதை விளக்கத்தில் எழுதுங்கள். ஒரு தொடரில் 15-க்கு மேல் போகக் கூடாது, அதனால் இருபதையும் இரண்டு தவணையாகப் பிரியுங்கள். ஆர்எக்ஸ் ரிங் திருத்தம் இருந்தால் அதை முதலில் அனுப்புங்கள்.